பெயரில்லாத கப்பலில் பித்தளை ஆணிகள்

வாத்து டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியவர் அல்ல. சீட் கவர் கடையில் சோபாவுக்கும் நாற்காலிக்கும் துணி மாட்டுவது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிக்குள் இறங்கி, நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பது அவர் பைத்தியம். நடக்கும்போது இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடப்பார் என்பதால் யாரோ கேலிக்கு வைத்த பேர் அது. அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "வாத்துன்னா வாத்துதான். தண்ணியில முழுகிச் செத்த வாத்தை யாராவது பார்த்திருக்கீங்களா?" என்பார். யாரும் பார்த்ததில்லை.

எதிர்க்கரை தெரியாத ஏரி அது. அந்த ஊரில் பையன்களுக்கு ஐந்து வயதில் நீச்சல் வந்துவிடும். பெண்களுக்கு ஐந்து வயதில் பையன்களின் சட்டையைக் கரையில் காவல் காக்க வந்துவிடும். வீட்டு வாசலிலேயே இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு, அதில் இறங்க ஊரில் பாதிப் பேருக்கு அனுமதி இல்லை என்பதை ஒருவரும் விசித்திரமாக நினைக்கவில்லை. டீச்சரும் முப்பத்தெட்டு வயது வரை நினைக்கவில்லை.

அப்போது அவர் படகுக் கம்பெனியில் லைஃப் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். வார் அறுந்து வரும், தைத்துக் கொடுப்பார். ஒருநாள் தையல் பிரிந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார். உள்ளே இருந்த பஞ்சு ஊறிப்போன ரொட்டி மாதிரி உதிர்ந்து வந்தது. மற்றதைப் பிரித்தார். அதுவும் ரொட்டி. மேனேஜரிடம் போனார்.

"கிழிஞ்சதைத் தைக்கச் சொன்னேன். ஆராய்ச்சி பண்ணச் சொல்லல."

"இதைப் போட்டா ஆள் மிதக்காது சார்."

"யாரும்மா போடப் போறா? படகுல கொக்கியில தொங்கணும். சோதனைக்கு வர்றவங்க எண்ணிப் பார்ப்பாங்க. அவ்வளவுதான் அதுக்கு வேலை."

டீச்சர் திரும்பி வந்தார். ஒரு ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். கொக்கிகளை ஒழுங்காகப் பூட்டினார். டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றிருந்தவர்கள் வாயைப் பிளந்து பார்க்க, படகுத்துறையின் நுனிக்கு நடந்து போய், நீச்சல் தெரியாத அந்த மனுஷி தண்ணீருக்குள் குதித்துவிட்டார்.

ஜாக்கெட் கல் மாதிரி இறங்கியது, அவரையும் இழுத்துக்கொண்டு. கையைக் காலை உதைத்து, தண்ணீரைக் குடித்து, எந்தப் பக்கம் வானம் என்று தெரியாமல் துழாவியபோது அவர் கைக்கு ஒரு கட்டை அகப்பட்டது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏறினார். ஊரே பார்த்துப் பயப்படுகிற மூழ்கிய கப்பலின் விலாக்கட்டை அது. அதன்மேல் உட்கார்ந்து, ஜாக்கெட்டைக் கழற்றிப் பிழிந்து, இருமலுக்கு நடுவில் கரையைப் பார்த்துக் கத்தினார்: "சார்! மிதக்கல!"

அன்று சாயங்காலமே வேலை போயிற்று. அடுத்த மாதம் எல்லாப் படகிலும் புது ஜாக்கெட் வந்தது. யாரால் வந்தது என்று கம்பெனி சொல்லவில்லை. டீச்சர் சீட் கவர் கடையில் சேர்ந்துகொண்டார்.

அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்றரை பஸ் நீளம் இருக்கும். சாப்பிட்டு முடித்த மீன் முள் மாதிரி விலாக்கட்டைகள் இரண்டு பக்கமும் நிற்கும். படகுத்துறைப் பக்கம் ஆழம். கிழக்குப் பக்கம் மணல்திட்டு வழியாக நடந்தே போய்விடலாம், கடைசி நாலு எட்டு மட்டும் இடுப்பளவுத் தண்ணீர். குறுக்குக்கட்டை ஒன்று தண்ணீருக்கு மேல் முழ உயரம் தெரியும். பெயர்ப்பலகை இல்லை, மணி இல்லை, சரக்கு இல்லை. எப்போது மூழ்கியது, எங்கே போய்க்கொண்டிருந்தது என்று ஒரு மனிதருக்கும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் ஆள் இல்லை. முடிதிருத்துபவர் தானியக் கப்பல் என்பார், வரலாற்று வாத்தியார் போர்க்கப்பல் என்பார். அது பெண்களை உள்ளே இழுக்கிற கப்பல் என்பதில் மட்டும் இருவரும் ஒற்றுமை.

டீச்சர் விசாரித்தார். ஏரியில் செத்த பெண்கள் யார், எங்கே செத்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார். எல்லோரும் செத்தது ஊருக்கு மறுபக்கம் துணி துவைக்கும் துறையின் ஆழத்தில். கப்பலுக்கு அருகில் ஒருத்திகூட இல்லை. நீச்சல் சொல்லிக்கொடுக்காமல் சாகவிட்டுவிட்டு, பழியை ஒரு மரக்கட்டை மேல் போட்டிருக்கிறார்கள்.

அந்தக் கோடையில் கப்பலைப் பிடித்துக்கொண்டே டீச்சர் தானாக நீச்சல் கற்றார். அவர் கணவர் பஸ் டிரைவர், தண்ணீரென்றால் நடுக்கம். மனைவி இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு மணல்திட்டில் உட்கார்ந்திருப்பார்.

"நான் முழுகினா நீங்களும் கூடவே வருவீங்களாக்கும்?"

"அவுக்க நேரம் இருக்கும்ல" என்றார் டிரைவர்.

முதல் மாணவி பேக்கரி அக்கா. பிறகு தபால் ஆபீஸ் அக்கா, பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ், மருமகளோடு சண்டை போட்டுவிட்டுச் சும்மா வந்த ஒரு பெரியம்மா என்று கூட்டம் சேர்ந்தது. கப்பல்தான் வகுப்பறை. ஆளுக்கொரு விலாக்கட்டை. அதைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விட வேண்டும். பிறகு காலை உதைக்க வேண்டும். கடைசியில் மல்லாந்து படுக்க வேண்டும். டீச்சர் முதுகுக்கடியில் ஒரு கையைக் கொடுத்திருப்பார்.

"டீச்சர், கையை எடுத்துடாதீங்க! என் பிள்ளைங்க மேல சத்தியமா எடுத்துடாதீங்க!"

"எடுக்க மாட்டேன்."

"இருக்கா?"

"எதுக்கும்மா இருக்கணும்? எப்பவோ எடுத்தாச்சு."

அப்போது எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். சிரிப்பார்கள். உடம்பு தக்கை மாதிரி மேலே நிற்கிறது, காதுக்குள் தண்ணீர், கண்ணுக்கு மேலே மொத்த வானம், இத்தனை வருஷம் சுமந்த இடுப்பும் முட்டியும் எங்கே போயின என்று தெரியவில்லை. சிரித்தால் மூக்கில் தண்ணீர் ஏறும். இருமல் வரும். இருமிவிட்டு மறுபடியும் சிரிப்பார்கள். பெரியம்மா சிரித்த சிரிப்பில் நாரைகள் பறந்துபோயின.

பேக்கரி அக்காதான் கேட்டார். "டீச்சர், நான் மிதந்தேன்னு யாருகிட்டயும் சொல்ல முடியாது. வீட்டுல தையல் கிளாஸ்னு சொல்லியிருக்கேன். ஒரு அடையாளமாவது வேணும்." டீச்சரின் பையில் சோபாவுக்கு அடிக்கிற குமிழ்த்தலைப் பித்தளை ஆணி இருந்தது, சுத்தியலும் இருந்தது. தண்ணீருக்கு மேல் தெரியும் குறுக்குக்கட்டையில் பேக்கரி அக்கா தன் ஆணியைத் தானே அடித்தார். கை நடுங்கியதில் ஆணி வளைந்துவிட்டது. அன்றிலிருந்து அதுவே சட்டமாயிற்று. மிதந்தவளுக்கு ஓர் ஆணி. அவளே அடிக்க வேண்டும், இன்னொருத்தி தொடக்கூடாது. வருஷங்கள் ஓடின. ஆணிகள் பச்சைக் களிம்பு பூத்து, வரிசையாக, மிகப் பழைய சாமான் மாதிரி ஆகிவிட்டன.

அங்கேதான் வந்தது வினை.

கரையில் புது ஹோட்டல் கட்டிய முதலாளிக்கு ஒரு கொள்ளுத்தாத்தா இருந்தார். பஸ் ஸ்டாண்டில் அவருக்குச் சிலையும் இருக்கிறது. புயலோடு வந்த பெருவெள்ளத்தில் தன் கப்பலை அனுப்பி ஊரைக் காப்பாற்றினார் என்று கீழே எழுதியிருக்கிறது. காப்பாற்றப்பட்டவர்களில் ஒருவர் பேராவது சொல்லுங்கள் என்றால் சொல்ல ஆளில்லை. அந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன செங்கல் சூளைக் குடிசைகளுக்குச் சிலையும் இல்லை. ஆனால் கொள்ளுத்தாத்தாவின் கப்பலில் பித்தளைக் குமிழ் ஆணிகள் வரிசையாக மின்னும் என்பது மட்டும் அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்த கதை. முதலாளி ஒருநாள் படகில் போய்க் குறுக்குக்கட்டையைப் பார்த்தார். ஆணிகளைப் பார்த்தார். கண்ணில் நீர் மல்க நின்றார்.

இது என் கொள்ளுத்தாத்தாவின் கப்பல், புராதனச் சின்னமாக அறிவியுங்கள் என்று மனுப் போட்டார். அறிவித்தால் சுற்றிலும் வேலி வரும். வேலிக்குள் யாரும் இறங்கக்கூடாது, ஹோட்டல் படகில் உட்கார்ந்து பார்க்கலாம். டீச்சருக்கு வேறு இடம் கிடையாது. பிடித்துக்கொள்ளக் கட்டையும் நிற்க மணலும் சேர்ந்தாற்போல் அந்த ஏரியில் அங்கே மட்டும்தான் இருந்தது. வேலி வந்தால் வகுப்பு செத்தது.

தொல்லியல் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். முப்பது வயதுப் பெண், முக்குளிக்கும் உடையில் கப்பலைத் தடவித் தடவிப் பார்த்தார். டீச்சர் மணல்திட்டில் நடந்துபோய் அவரிடம் நேராகச் சொன்னார்.

"மேடம், அந்த ஆணி கப்பலோடது இல்ல. நாங்க அடிச்சது."

அதிகாரி முகமூடியைத் தூக்கினார். "மெஷின்ல செஞ்ச புது ஆணி மாதிரி இருக்கேன்னு நானும் நினைச்சேன். ஆனா 'மாதிரி இருக்கு'ன்னு எழுதினா அவர் வக்கீல் என்னைப் பிச்சு எடுத்துடுவார். அடிச்சவங்க கூட்டத்துல வந்து சொல்லணும்."

"சொன்னா?"

"பழைய மரத்தைச் சேதப்படுத்தினதுக்கு அபராதம் உண்டு. நான் அதை மறைக்க மாட்டேன்."

"மறைக்க வேண்டாம்" என்றார் டீச்சர்.

மாணவிகள் விலாக்கட்டைகளைப் பிடித்துக்கொண்டு ஆலோசனை செய்தார்கள். பாதிப் பேர் வீட்டில் தெரியாது. ஈரத்தலைக்கு ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். பெரியம்மா ஒரு வழி சொன்னார்.

"பேயைக் கிளப்பி விடுவோம் டீச்சர். இங்க கையைக் கண்டேன், காலைக் கண்டேன்னு நான் நாலு தெருவுல அழுதா எந்தப் படகு வரும்?"

மற்றவர்கள் கை தட்டினார்கள். டீச்சர் தட்டவில்லை.

"இந்தப் பேயைச் சொல்லித்தானே நம்மளை இத்தனை வருஷம் கரையிலயே உட்கார வச்சாங்க? அதுக்கு நாமளே சோறு போட்டு வளர்க்கணுமா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கூட்டத்துல நான் பேசிக்கிறேன். ஆணி எல்லாம் நான் ஒருத்தியே அடிச்சேன்னு சொல்லிடறேன். நீங்க ஒருத்தியும் வாயைத் திறக்கக் கூடாது" என்றார்.

பொய் சொல்லத் தெரியாதவர். டிரைவர் கவலைப்பட்டார். "போன வாரம் என் சட்டை நல்லா இருக்கான்னு கேட்டேன். நல்லா இருக்குன்னுதான் சொன்னே. உன் மூஞ்சி இல்லன்னு சொல்லுச்சு. நீ எங்கே நகரசபையில போய்ப் பொய் சொல்லப் போறே?" டீச்சர் கண்ணாடி முன்னால் நின்று 'நான்தான் அடிச்சேன், நான்தான் அடிச்சேன்' என்று பழகினார்.

நகரசபைக் கூடம் நிரம்பி வழிந்தது. ஹோட்டலில் வேலை கிடைக்கும் என்று வந்தவர்கள், வேடிக்கைக்கு வந்தவர்கள், மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்த கணவர்கள். டீச்சரின் மாணவிகள் அங்கங்கே தங்கள் வீட்டு ஆட்களுக்குப் பக்கத்தில், ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி எடுத்த படம் சுவரில் பெரிதாகத் தெரிந்தது. குறுக்குக்கட்டை, அதில் பச்சை ஆணிகள்.

முதலாளி எழுந்தார். நல்ல குரல். "இந்த ஒவ்வொரு ஆணியையும் பாருங்க. எங்க கொள்ளுத்தாத்தா பார்த்துப் பார்த்து அடிக்கச் சொன்னது. இதோ, இந்த ஒண்ணு மட்டும் வளைஞ்சிருக்கு. ஏன்? புயல்! அந்தப் புயல் அடிச்ச அடி!"

பேக்கரி அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

டீச்சர் எழுந்தார். "அது எல்லாம் சோபா ஆணி சார். நான் அடிச்சது."

கூடம் சலசலத்தது. முதலாளி சிரித்தார். "எல்லாமே நீங்களா?"

"எல்லாமே."

"ஒருத்தியா?"

"ஒருத்தியா."

"வளைஞ்சது?"

"அதுவும் நான்தான். அன்னிக்கு... சரியா அடிக்க வரல."

"ஐயோ, அநியாயம்!" என்று ஒரு குரல் வெடித்தது. பேக்கரி அக்கா நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தோம் என்று அவருக்கே தெரியாது. "டீச்சர், அது என்னோடது! முதல் ஆணியே என்னோடதுதானே? எல்லாத்தையும் நீங்களே அடிச்சதா எப்படிச் சொல்லலாம்?"

"உட்காருங்க!" என்றார் டீச்சர், பல்லைக் கடித்தபடி.

"உட்கார மாட்டேன். வளைஞ்சா என்ன? என் கை நடுங்குச்சு. புயலாம், புயல்!"

அவர் கணவர் அண்ணாந்து பார்த்தார். "தையல் கிளாஸ்னு சொன்னே?"

"அதுவும் ஒரு கிளாஸ்தான், சும்மா இருங்க."

"அப்ப நீ தைச்சதுன்னு காட்டின தலையணை உறை?"

"கடையில வாங்கினது."

"அடிப்பாவி, நான் அதை ஊரெல்லாம் காட்டினேனே!"

இந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தபால் ஆபீஸ் அக்கா எழுந்துவிட்டார். "முதல்னு சொன்னா சரியா? நாம ரெண்டு பேரும் ஒரே நாள்ல மிதந்தோம். நான் உனக்கு முன்னாடி."

"நீ முன்னாடியா? நீ மிதந்ததா அது? டீச்சர் பாவம் பார்த்து உனக்கு ஆணி கொடுத்தாங்க!"

"யாரைப் பாவம்னு சொல்றே? கப்பலோட இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் மிதந்து போனேன்டி நான்!"

நர்ஸ் சுவருக்கே ஓடிப்போய்ப் படத்தின் மேல் விரலை வைத்தார். "மேடம், இது என்னோடது. பக்கத்துல ஒரு கீறல் இருக்கு பாருங்க, சுத்தியல் சறுக்குச்சு." பெரியம்மா தன் மருமகளின் தோளைப் பிடித்து எழுந்து நின்று, தன் ஆணி எது என்று இத்தனை தூரத்தில் தெரியவில்லை, யாராவது கண்ணாடி கொடுங்கள் என்று கத்தினார். அங்கங்கே பெண்கள் முளைத்துக்கொண்டே இருந்தார்கள். என்னோடது, அதுக்கு அடுத்தது, இல்லை அது என்னோடது, நீ மழை நாளில் அல்லவா மிதந்தாய். நகரசபைத் தலைவர் மணியை அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோனார். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். வாழ்க்கையில் ஊரறியச் சொன்ன ஒரே ஒரு பொய், அதையும் காப்பாற்ற விடவில்லை இந்தச் சனங்கள். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று பதறி டிரைவர் குனிந்து பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாடகம்!" என்றார் முதலாளி. "எல்லாம் சேர்ந்து பேசி வச்சு ஆடற நாடகம்! இது சோபா ஆணின்னு யார் சொன்னது?"

தலைவர் பதில் சொல்ல வாயெடுத்தார். தன் நாற்காலியின் கைப்பிடியைத் தற்செயலாகப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். மறுபடியும் கைப்பிடியைப் பார்த்தார். அதில் குமிழ்த்தலைப் பித்தளை ஆணிகள் வரிசையாக இருந்தன.

"போன வருஷம் நான்தான் மாட்டினேன் சார்" என்றார் டீச்சர். "அது வளையல."

அதிகாரி தன் அறிக்கையை அங்கேயே எழுதினார். ஆணிகள் பிற்காலத்தவை, அவற்றை வைத்து எதையும் உறுதி செய்ய முடியாது, வேலிக்கு ஆதாரம் இல்லை. ஆணி அடித்தவர்களுக்கு அபராதம், இனி ஒரு ஆணிகூட அந்தக் கட்டையில் ஏறக்கூடாது.

"அப்போ அது யார் கப்பல்னுதான் எழுதுவீங்க?" என்று முதலாளி மேசையைத் தட்டினார்.

"தெரியாதுன்னு எழுதுவேன்."

"தெரியாதுன்னு எழுதறதுக்கா அரசாங்கம் உங்களுக்குச் சம்பளம் கொடுக்குது?"

"தெரியாததைத் தெரியும்னு எழுதாம இருக்கிறதுக்குத்தான் சார் கொடுக்குது."

டீச்சர் தனியாக எழுந்து நின்று கை தட்டினார்.

அடுத்த ஞாயிறு எல்லாம் இனிப்பாக விடிந்துவிடவில்லை. நர்ஸை அவர் அண்ணன் வெளியே விடவில்லை. நாற்பத்தாறு வயதுப் பெண், மாதச் சம்பளம் வாங்குகிறவர், அவருக்கு அனுமதி இல்லையாம். டீச்சர் அந்த வீட்டு வாசலில் போய் நின்று, தெரு கேட்கும்படி அந்த அண்ணனோடு வாதாடினார். மறு வாரமும் போனார். மூன்றாவது வாரம் நர்ஸ் பின்கட்டு வழியாக அல்ல, முன்வாசல் வழியாகவே துண்டோடு வந்தார்.

பேக்கரி அக்காவின் கணவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மணல்திட்டுக்கே வந்து உட்கார்ந்தார். "பொய் சொன்னது சொன்னே, மிதக்கறதையாவது கண்ணால பார்க்கறேன்" என்றார். மனைவி மல்லாந்ததும் எழுந்து நின்றுவிட்டார், நாற்காலி தண்ணீரில் போனது தெரியாமல்.

புதிதாக வந்த கூட்டத்துக்கு விலாக்கட்டைகள் போதவில்லை. ஒரு கட்டைக்கு இருவர், மூவர். ஒருத்தி காலை உதைத்தால் அடுத்தவள் முகத்தில் தண்ணீர். சிரிப்பு, திட்டு, இருமல், மறுபடியும் சிரிப்பு. டீச்சர் கப்பலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு திரிந்தார். அப்போது கரையில் ஒரு பெண் செருப்போடு நிற்பதைப் பார்த்தார். தோளில் வெள்ளைத் துண்டு, அதன் மூலையில் புது ஹோட்டலின் முத்திரை.

"ஹோட்டல்ல தங்கியிருக்கீங்களா?"

"இல்ல. எங்க ஹோட்டல்தான்." அவள் பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அவர் ஊர்ல இல்ல. எனக்கு வருமா? தண்ணின்னாலே நெஞ்சு அடைக்குது."

டீச்சர் கையைத் துடைக்காமல் அப்படியே நீட்டினார்.

"செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றார். "மூணாவது கட்டையில ஒரு ஆளுக்கு இடம் இருக்கு."